இரைப்பையும் அகப்பையும்

மனிதனை ஆட்டிப்படைப்பது ஒரு சாண் வயிறு என்று நம் முன்னோர் கூறுவது வழக்கம். அந்த ஒரு சாண் வயிற்றின் கொள்ளளவு எவ்வளவு, அதனை வரையறுத்தவர் யார் என்னும் வினாவை என்னுள் எழுப்பியது எங்கள் வீட்டு அடுக்களையில் தொங்கும் பழைய அகப்பை ஒன்று.

கொட்டாங்கச்சியை வழவழப்பாகத் தேய்த்து மூங்கிற் காம்பு செருகிய அகப்பை அது. புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர் மிகுந்து வாழ்ந்த முதலியார்பேட்டையில், இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் என் இளமை கழிந்தது. தந்தையார் ஆலைத் தொழிலாளி. ஆலைச் சங்கின் ஒலியே எங்கள் கடிகாரம். அச்சங்குகள் யாவும் இன்று ஓய்ந்துவிட்டன. தந்தையார் வீடு திரும்பியதும் சோறு பரிமாறப்படும். அவருக்கு மூன்று அகப்பை, எனக்கும் தம்பிக்கும் மும்மூன்று, தங்கைக்கு இரண்டு. எல்லோரும் கை கழுவிய பின்னர்ப் பானையில் எஞ்சியது அன்னைக்கு. பெரும்பாலும் அஃது ஓர் அகப்பை அளவே இருக்கும். ஆலையில் வேலை குறைந்த மாதங்களில் அதுவும் கஞ்சியாகிவிடும்.

"நீ ஏம்மா இவ்வளவு கொஞ்சமா சாப்பிடுறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு வயிறு சின்னதுடா. அதுக்கு மேல எறங்காது" என்றார் அன்னை.

நான் அதனை அப்படியே நம்பினேன். உயரத்தாலும் நிறத்தாலும் மக்கள் வேறுபடுவது போல வயிற்றின் அளவாலும் வேறுபடுவர் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

1982ஆம் ஆண்டில் இக்கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கினேன். அங்கே சோற்றுக்கு அளவில்லை. முதல் மாதம் மூன்று கரண்டியோடு எழுந்தவன், ஆண்டு முடிவில் ஐந்து கரண்டி உண்டும் மோருக்கு இன்னும் சிறிது கேட்டேன். அதே விடுதியில் இதற்கு நேர்மாறான ஒன்றையும் கண்டேன். என் அறைத் தோழர் புதுச்சேரி முல்லா வீதியைச் சேர்ந்தவர். நோன்பு மாதத்தின் முதல் மூன்று நாள்கள் நண்பகல் உணவு மணி அடித்ததும் அவர் முகம் வாடும். இரண்டாம் வாரத்தில் மணி அடித்ததையே அவர் கவனிக்கமாட்டார். மாலையில் இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு கோப்பை நோன்புக் கஞ்சியும் உட்கொண்டதும், "போதும், நிறைஞ்சிடுச்சு" என்பார். பசியும் பழக்கத்துக்குக் கட்டுப்படும் என்பதை அன்றே கண்ணாரக் கண்டேன். கண்டும், அதனை என் தட்டோடு பொருத்திப் பார்க்கவில்லை.

ஆண்டுகள் பல கடந்தன. 2012ஆம் ஆண்டில், என் நாற்பத்தெட்டாம் வயதில், குருதியில் சர்க்கரை மிகுந்திருப்பதாக மருத்துவர் கூறினார். உடல் எடை 88 கிலோ. "சோற்றைப் பாதியாகக் குறையுங்கள்" என்பது அவர் கட்டளை. அன்றே பாதியாகக் குறைத்தேன். எட்டு நாள்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் நள்ளிரவில் எழுந்து, குளிர்ப்பெட்டியிலிருந்த குழம்புச் சட்டியோடு நின்றவனை என் மனைவி கண்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெட்கம் மட்டும் என்னோடு உண்டது.

என் நிலை தனியொருவன் நிலையன்று என்பது பின்னாளில் தெளிவாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் துணையோடு நாடு முழுவதும் ஒரு இலட்சத்துப் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அதன்படி, நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 11 பேருக்கு நீரிழிவு இருக்க, புதுச்சேரியில் நூற்றுக்கு 26 பேருக்கு அந்நோய் இருந்தது. உடற்பருமன் உள்ளோர் புதுச்சேரியில் நூற்றுக்கு 53 பேர். மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் இடையே இதுவே முதலிடம். 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரைத் தன்னகத்தே கொண்ட ஊருக்கு இம்முதலிடம் பெருமை தருவதன்று.

தோல்வியுற்றவனுக்கு நூல்களே துணை. இரைப்பையைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படிக்கலானேன். வெறுமையாக இருக்கும் இரைப்பை சுருங்கிக் கிடக்கும் ஒரு சிறு பை. அதன் உட்கொள்ளளவு நூறு மில்லி லிட்டருக்கும் குறைவே. நாம் முதற் கவளத்தை விழுங்கியதும் வேகஸ் என்னும் நரம்பின் வழியே ஆணை பிறக்கிறது. இரைப்பையின் மேற்பகுதி இளகி இடம் கொடுக்கிறது. ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வரை அது விரிந்து கொடுக்கும். அவ்விரிவைச் சுவரிலுள்ள நரம்பு முனைகள் மூளைக்கு அறிவிக்க, குடலிலிருந்து சுரக்கும் நீர்களும் அச்செய்திக்குத் துணைநிற்க, "போதும்" என்னும் உணர்வு பிறக்கிறது. அவ்வுணர்வு முழுமையாக வந்து சேர இருபது நிமிடம் வரை ஆகலாம். பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவனுக்குச் செய்தி வருவதற்குள் சோறு உள்ளே போய்விடுகிறது.

அப்படியானால், குறைத்து உண்டால் இரைப்பை சிறுத்துவிடுமா? வளர்ந்த மனிதனின் இரைப்பை, தைத்துச் சுருக்கிய சட்டைபோல் உருவில் சிறுத்துவிடுவதில்லை. அறுவை செய்தாலன்றி அதன் உருவம் குறையாது. ஆயினும் அது இளகிக் கொடுக்கும் தன்மை மாறக்கூடியது. நியூயார்க் நகரில் பருத்த உடலினர் சிலருக்கு, நான்கு வாரம் நாளொன்றுக்கு 600 கலோரி உணவு மட்டும் கொடுத்து ஆய்ந்தனர். நீர் நிரப்பும் பலூன் ஒன்றை இரைப்பைக்குள் இறக்கி முன்னும் பின்னும் அளந்தபோது, கொள்ளளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. 1996இல் வெளியான முடிவு இது. அவ்வளவு கடுமையான உணவுக் குறைப்பு மருத்துவர் மேற்பார்வையின்றி எவரும் செய்யத்தக்கதன்று. ஆனால் பை பழக்கத்துக்கு இணங்கும் என்பதற்கு அது சான்று.

பசியின் கதை வேறு. 1999இல் சப்பான் நாட்டு அறிஞர்களான கோஜிமா, கங்காவா ஆகியோர் இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்னும் பசி நீரைக் கண்டறிந்தனர். வழக்கமாக உண்ணும் வேளை நெருங்கும்போது அது உயர்கிறது; உண்டதும் தாழ்கிறது. என் தோழரின் நண்பகற் பசி இரண்டாம் வாரத்தில் அடங்கிய மறைபொருள் ஒருவாறு விளங்கிற்று. ஆனால், உடல் மெலியத் தொடங்கினால் அதே நீர் முன்னிலும் மிகுதியாகச் சுரக்கிறது. ஆசுத்திரேலியாவில் ஐம்பது பேரைக் கொண்டு தொடங்கிய ஓர் ஆய்வு, எடை குறைந்து ஓராண்டு கடந்த பின்னரும் பசி மிகுந்தே இருந்ததென 2011இல் காட்டிற்று. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 இளைஞர்கள் தாமே முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்கள் உடலில் நான்கில் ஒரு பங்கு கரைந்தது, பசியோ கரையவில்லை. உணவைப் பற்றியே பேசினர். உணவைப் பற்றியே எண்ணினர்.

ஆக, இரைப்பையைப் பழக்கலாம்; பட்டினி போட்டு அடக்க இயலாது. இதுவே நான் கற்ற பாடம். அடுக்களையில் தொங்கிய அகப்பையை எடுத்துவரச் செய்தேன். மூன்று அகப்பை சோற்றில் முதலில் அரை அகப்பை மட்டும் குறைத்தேன். அவ்விடத்தைக் கீரையாலும் அவரை, சுண்டலாலும் நிரப்பினேன். இருபது நாள்களுக்குப் பின் இன்னும் அரை அகப்பை. மென்று, நீர் குடித்து, அரைமணி நேரம் அமர்ந்து உண்டேன். சர்க்கரைக்கு மாத்திரை உண்பவன் ஆதலின் ஒவ்வொரு படியையும் மருத்துவரிடம் கூறியே செய்தேன். ஒன்றரை ஆண்டில் எடை 79 கிலோவுக்கு வந்தது. ஒரு திருமண வீட்டில் பழைய அளவைப் பரிமாறினார்கள். பாதியிலேயே மூச்சு முட்டிற்று. "எனக்கு வயிறு சின்னது" என்று கூறிவிட்டு எழுந்தேன். கூறிய பின்னரே அச்சொல் யாருடையது என்பது நினைவுக்கு வந்தது.

தந்தையார் மறைந்தபின் அன்னை எங்களோடு வந்து தங்கினார். 2019இல் அவருக்கு வயது 77. எடை 38 கிலோ. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சோற்றைக் குறைக்கச் சொன்ன அதே மருத்துவர், அன்னைக்குக் கூட்டச் சொன்னார். ஒரே வீட்டில் இரு தட்டுகள். இரண்டுக்கும் எதிரெதிரான கட்டளைகள். அன்னையோ ஓர் அகப்பைக்கு மேல் தொடவில்லை. "வயிறு சுருங்கிப் போச்சுப்பா" என்றார். மருத்துவர் அதனைத் திருத்தினார். முதுமையில் இரைப்பை முன்போல் இளகிக் கொடுப்பதில்லை. உணவும் மெல்லவே கீழிறங்குகிறது. ஆதலின் சிறிது உண்டதும் நிறைந்துவிடுகிறது என்றார்.

அன்றிரவு, அறுபது ஆண்டுப் பழக்கம் ஒன்றும் அதனோடு சேர்ந்திருக்கிறது என்னும் எண்ணம் என்னை உறங்கவிடவில்லை. காலையில் கேட்டுவிட்டேன்.

"அந்தக் காலத்துல உனக்குப் பசிச்சுதா அம்மா?"

அன்னை முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பசிக்காம இருக்குமா? பழகிப் போச்சு."

ஆய்வு நூல்கள் எனக்குக் கற்பிக்காத ஒன்றை அவ்வொரு சொல் கற்பித்தது. விடுதித் தோழருக்கும் பழகிற்று, எனக்கும் பழகிற்று, அன்னைக்கும் பழகிற்று. ஆனால், மாலையில் கஞ்சி உண்டு என்று அறிந்தவன் பழகுவதும், உடல் நலம் கருதி ஒருவன் தானே குறைத்துப் பழகுவதும், பானையில் இல்லாமையால் ஒரு தாய் பழகுவதும் ஒன்றாகா. என் மூன்றாம் அகப்பை எங்கிருந்து வந்தது என்பதை அன்று கணக்கிட்டேன். தந்தையார் ஈட்டியது அது. அன்னை உண்ணாதது அது.

குற்றவுணர்வு எவர் எடையையும் கூட்டாது. ஆதலின் என்னைக் குறைத்த முறையையே திருப்பிப் போட்டேன். அன்னைக்கு மூன்று வேளை உணவை ஆறு வேளையாகப் பகுத்தோம். ஒவ்வொரு வேளையும் சிறிதே. காலையில் புதுச்சேரிக்கே உரிய பிரெஞ்சு ரொட்டித் துண்டொன்றைப் பாலில் நனைத்துக் கொடுத்தோம்; முற்பகலில் ஒரு முட்டை; மாலையில் கேழ்வரகுக் கூழ்; சோற்றில் நெய். பத்து நாளுக்கொருமுறை ஒரு பிடி கூட்டினோம். அன்னை எளிதில் இணங்கவில்லை. "நீ கொறைச்சா நான் கூட்டுறேன்" என்று பேரம் பேசினார். அப்பேரத்தால் என் தட்டு ஒழுங்காயிற்று. ஓராண்டில் அவர் எடை 42 கிலோவானது. சுவரை விட்டுவிட்டு நடந்தார். இன்றும் நடக்கிறார்.

வள்ளுவர் "மருந்து" என்னும் அதிகாரத்தில், மிகுதியும் குறைவும் இரண்டுமே நோய் செய்யும் எனத் தொடங்கி, பத்துக் குறட்பாக்களுள் ஆறினை உண்ணும் முறை பற்றியே பாடினார். மாணவப் பருவத்தில் மிகுதியை மட்டுமே மனத்திற் கொண்டு அதனைப் படித்தேன். குறைவும் அங்கே இருப்பது அன்னையின் மெலிந்த மணிக்கட்டைப் பற்றி நடந்தபோதுதான் தெரிந்தது. மணிமேகலைக் காப்பியத்தில் யானைத்தீ என்னும் பெரும்பசி நோயுற்ற காயசண்டிகை, எவ்வளவு உண்டும் தீராத பசியை அமுதசுரபியின் ஒரு பிடிச் சோற்றால் தீர்த்துக்கொள்கிறாள். அத்தகைய கலம் நம்மிடம் இல்லை. நம்மிடம் உள்ளது அகப்பை ஒன்றே.

என் பசி முற்றிலும் அடங்கிவிட்டது என்று கூறினால் அது பொய்யாகும். மாலை ஆறு மணிக்கு மேல் வாகனங்கள் ஓடாத கடற்கரைச் சாலையில் நாள்தோறும் நடக்கிறேன். சுண்டலும் பஜ்ஜியும் மணக்கும் இடத்தில் கால்கள் இன்றும் சற்றுத் தயங்குகின்றன. சில நாள் தோற்கவும் செய்கிறேன். மறுநாள் மீண்டும் இரண்டு அகப்பை.

மாணவ நண்பர்களுக்கு ஒன்று கூறி அமைகிறேன். உங்கள் இரைப்பை நீங்கள் பழக்கும் அளவைக் கற்றுக்கொள்ளும். மெல்லக் கற்பியுங்கள், பொறுமையாகக் கேட்கும். அதற்கு முன் ஒருமுறையேனும், உங்கள் தட்டு நிறைந்தபின் வீட்டுப் பானைக்குள் எட்டிப் பாருங்கள். "எனக்கு வயிறு சின்னது" என்று அங்கே எவரேனும் கூறினால், அச்சொல்லை உடனே நம்பிவிடாதீர்கள்.