மில்டவுன் தண்டவாளமும் தாத்தாவின் கரி வண்டியும்

போன மாதம் மகனுக்கு ஸ்கூல்ல "நம்ம ஊர்" ப்ராஜெக்ட். ஈஸ்ட் பிரன்ஸ்விக் பற்றி ஒரு பக்கம் எழுதணும். ரூட் 18, தோசைக்கடை தவிர எனக்கே ஒண்ணும் தோணலை. தேடினப்போதான் ராரிடன் ரிவர் ரெயில்ரோடு கிடைத்தது.

1888-ல் தொடங்கிய குட்டி ரயில்வே. சவுத் ஆம்பாயிலிருந்து சேயர்வில், சவுத் ரிவர், மில்டவுன் வழியா நியூ பிரன்ஸ்விக் வரைக்கும் மொத்தமே சுமார் 12 மைல். நம்ம ஊரின் வடக்கு ஓரமாப் போகும். பயணிகள் வண்டி 1938-லேயே நின்றுபோச்சு. ஆனா கூட்ஸ் ஓடிக்கிட்டே இருந்தது. என்ஜின் கிளம்பி ஆலை ஆலையா காலி வேகனை விட்டுட்டு, சரக்கு ஏற்றினதை இழுத்து வரும். சேயர்வில் செங்கல், பார்லின் டூபாண்ட் ஆலைச் சரக்கு எல்லாம் இப்படித்தான் பெரிய ரயில்வேக்களின் கைக்குப் போனது. 1954 வரை நீராவி என்ஜின்தான். 1980-ல் கான்ரெயிலோடு இணைந்தது.

சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கிட்டு மில்டவுன் போனோம். ரோட்டுக்குக் குறுக்கே தண்டவாளம். "இவ்வளவுதானா?"ன்னு மகன் முகம் சுருங்கிடுச்சு.

அப்பா பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவர். அவங்க அப்பா திருச்சி ஷெட்ல ஃபயர்மேன். எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வரிதான். அன்னிக்கு அவரே ஆரம்பிச்சார்.

"காலைல ஆறு மணி வண்டின்னா நடுராத்திரியே நெருப்பு மூட்டணும்டா கண்ணா."

"சுவிட்ச் போட்டா ஓடாதா தாத்தா?"

"ஸ்டீம் ஏறவே பல மணி நேரம் ஆகும். வழி பூரா கரி அள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கணும். எங்கப்பா வீட்டுக்கு வரும்போது கண்ணு மட்டும்தான் வெள்ளையாத் தெரியும்."

கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பார்த்தார். "அந்தக் கரிச் சட்டையோட ஸ்கூல் வாசல்ல வந்து நிக்காதீங்கன்னு ஒருநாள் சொல்லிட்டேன். அப்புறம் அவர் வரவே இல்லை."

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. ஆறாங்கிளாஸ்ல, "ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி தமிழ்ல பேசாதீங்கப்பா"ன்னு இவர்கிட்ட சொன்னவன் நான். காரில் திரும்பும்போது அதைச் சொன்னேன். "ஞாபகம் இருக்கு"ன்னார். அவ்வளவுதான்.

மகன் ப்ராஜெக்ட்டில் ரெண்டு என்ஜின் வரைஞ்சான். ஒண்ணு ராரிடன், இன்னொண்ணு திருச்சி. ரெண்டிலும் கரி அள்ளும் ஒரு ஆள். திருச்சி ஆள் பக்கத்துல கொள்ளுத்தாத்தா பெயரைத் தமிழ்ல எழுதணும்னான். தாத்தா கையைப் பிடிச்சு எழுதக் கத்துக்கொடுத்தார்.

உங்க ஊர்ப் பக்கமும் இப்படி ஒரு பழைய தண்டவாளம் இருக்கலாம். போகும்போது வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்க.