சுருதி சொன்ன சாட்சியம்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையைத் தாமிரபரணிக் கரையில் வாழ்வோர் எளிதில் மறக்கமாட்டார்கள். கடலோரக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறு கரை கடந்து நெல்லையின் தெருக்களுக்குள் புகுந்தது. நம் இல்லத்திலும் முழங்காலளவு நீர் நின்றது. புத்தகங்கள் போயின, பாட்டுக் குறிப்பேடுகள் போயின, நெடுங்காலம் நம்மோடு இருந்த ஆர்மோனியத்தின் துருத்தி ஊறிப் பிரிந்தது. பரண்மேல் இருந்த பிஸ்கட் தகரம் ஒன்று மட்டும் ஈரம் படாமல் தப்பியது. அதற்குள் ஓர் ஒலிநாடா இருந்தது. "1984, திருவிழா ஒத்திகை" என்று அதன் அட்டையில் நம் கையெழுத்து. அதன்கீழ் எட்டுப் பெயர்கள். எட்டாவது பெயர் மட்டும் மையால் அடிக்கப்பட்டிருந்தது. அடித்ததும் நம் கையே.

நாம் இசையைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தோம். மாலையில் ஆலயத்தில் ஆர்மோனியம் வாசித்தோம். சிறுவயதில் பொருள் அறியாமலே இலத்தீன் பாடல்களைப் பாடிய கடைசித் தலைமுறை நம்முடையது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. மக்களின் தாய்மொழிக்கும், அந்தந்த நாட்டின் இசை மரபுக்கும், தகுதியான இசைக்கருவிகளுக்கும் அது வழிதிறந்தது. அதே 1963இல்தான் நெல்லையில் வானொலி நிலையம் தொடங்கியது. அதே ஆண்டில்தான் ஐரோப்பாவில் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளங்கையில் அடங்கும் ஒலிநாடாவை உலகுக்குக் காட்டியது. இம்மூன்றும் ஒரே ஆண்டில் நேர்ந்ததை அன்று நாம் அறியோம். ஆயினும் இருபது ஆண்டுகள் கழித்து, ஆற்றங்கரைப் பங்கொன்றில் எட்டுப் பேர் தமிழில் பாட்டுக் கட்டி, அதை ஒலிநாடாவில் பதிக்கத் துணிந்தபோது, இம்மூன்றின் பயனையும் சேர்த்தே துய்த்தோம்.

நம் குழுவில் பாடுவோர் ஐவர், வயலின் வாசிப்பவர் ஒருவர், ஆர்மோனியத்தில் நாம், எட்டாமவர் டோலக் வாசித்தவர். அவர் வயல்வேலை செய்து வாழ்ந்தவர். அவருடைய தந்தையார் இறப்பு வீடுகளில் பறை அறைந்தவர். அவரோ ஆசிரியர் ஒருவரிடமும் அமர்ந்து கற்றவர் அல்லர். தாளத்தின் பெயரைச் சொன்னால் அவருக்குப் புரியாது; பாட்டின் முதல் அடியைப் பாடிக் காட்டினால் போதும், கை தானாகப் பேசும். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தைக் கேட்டு வளர்ந்த பள்ளத்தாக்கு இது. இசையறிவு இங்கே கற்றவர் வீட்டில் மட்டும் குடியிருக்கவில்லை. இதை நாம் மேடையில் சொல்லியிருக்கிறோம். மனத்தில் ஏற்றிருந்தோமா என்பது வேறு.

திருவிழாவுக்கு முந்திய வாரத்தில் ஓர் இரவு, ஆலய வளாகத்து அறையில் பாடல்களைப் பதிவு செய்தோம். இரவல் வாங்கிய டேப்ரிக்கார்டர் ஒன்றை மேசைமேல் வைத்தோம். தொடங்கும் வேளையில் மின்சாரம் போயிற்று. நாளை என்று ஒத்திப்போட யாருக்கும் மனமில்லை. கருவிக்குள் டார்ச் செல்கள் இருந்தன. அரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்து ஏழு பாடல்களையும் ஒரே மூச்சில் பாடி முடித்தோம். மறுநாள் மின்சாரம் வந்தபின் அனைவரும் கூடி அமர்ந்து கேட்டோம்.

முதல் மூன்று பாடல்கள் நன்றாக இருந்தன. நான்காவதிலிருந்து ஏதோ ஓர் அவசரம் தெரிந்தது. ஏழாவது பாடல் ஓடியே விட்டது. "காலப்பிரமாணம் நிற்கவில்லையே" என்றார் ஒருவர். எல்லாருடைய கண்களும் டோலக்கின் பக்கம் திரும்பின. அவர் தலை குனிந்து மீண்டும் ஒருமுறை கூர்ந்து கேட்டார். பின் நம்மைப் பார்த்து, "நான் ஓடலை சார், பெட்டிதான் ஓடுது" என்றார்.

ஆர்மோனியத்தை நம் ஊரில் பெட்டி என்றே சொல்வார்கள். நம் முகம் சிவந்தது. முறைப்படி இசை கற்ற நம்மைப் பார்த்து, காலம் தவறியவர் நீரே என்கிறாரே என்று உள்ளம் கொதித்தது. "தவற்றை ஒப்புக்கொள்ளக் கற்றுக்கொள்ளும்" என்று அனைவர் முன்னிலையிலும் சொன்னோம். அவர் மறுமொழி கூறவில்லை. அடுத்த மாதம் அதே பாடல்களை மீண்டும் பதித்தபோது, வெளியூரிலிருந்து தபேலா வாசிப்பவர் ஒருவரை அழைத்துக்கொண்டோம். பழைய ஒலிநாடாவின் அட்டையில் எட்டாவது பெயரை அடித்தோம். அதன்பின் அவர் பாடகர் குழுவின் பக்கமே வரவில்லை. திருப்பலிக்கு வந்து பின்வரிசையில் நின்று போய்விடுவார். நாமும் அழைக்கவில்லை.

வெள்ளம் வடிந்த சில மாதங்களுக்குப்பின், கீபோர்டு வாசிக்கும் நம் பேரன் அந்த ஒலிநாடாவைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தான். ஒவ்வொரு பாடலுக்கும் தன் கீபோர்டில் சுருதி சேர்த்துப் பார்த்தவன், "தாத்தா, முதல் பாட்டு ஒரு கட்டையில இருக்கு, கடைசிப் பாட்டு ஒன்றரைக் கட்டை கிட்ட இருக்கே, சுருதியை ஏத்தி வாசிச்சீங்களா?" என்று கேட்டான். ஏழு பாடல்களும் ஒரே கட்டைதான் என்றோம். அவன் நம்பவில்லை. கடைசிப் பாடலின் தொடக்கத்தையும் முடிவையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்தான். ஒரே பாடலுக்குள்ளேயே ஆர்மோனியத்தின் சுருதி மெல்ல மேலேறியிருந்தது.

ஆர்மோனியத்தின் சுருதி அப்படி ஏற இயலாது. அதன் உள்ளே இருப்பவை பித்தளை நாக்குகள். ஒவ்வொன்றும் தனக்கென்று அராவி வைத்த ஒலியைத்தான் தரும். வேகமாக வாசித்தாலும் மெதுவாக வாசித்தாலும் மாறாது. அப்படியானால் மாறியது எது? ஒலிநாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடவேண்டும் என்பது விதி. செல்களின் வலு குறையக் குறைய, அந்த இரவில் கருவியின் சுழற்சி தளர்ந்திருக்கிறது. நொடிக்கு நான்கரை சென்டிமீட்டர் அளவுக்கு அது இறங்கினாலே போதும். அப்படிப் பதிந்ததை மறுநாள் மின்சாரத்தில் சரியான வேகத்தில் ஓட்டும்போது பாட்டு விரையும். அதோடு சுருதியும் அரைக்கட்டை ஏறும். மனிதர் கை ஓடினால் காலம் மட்டுமே ஓடும். காலமும் சுருதியும் சேர்ந்து ஓடினால் ஓடியது கருவி. அந்த எளிய மனிதர் சொன்ன "பெட்டி" நம் ஆர்மோனியம் அன்று. மேசைமேல் இருந்த டேப் பெட்டி.

கணக்கு ஆசிரியர் ஒருவருக்கு இது விளங்க நாற்பது ஆண்டுகள் ஆயின. விளங்கியபின் இன்னொன்றும் நினைவுக்கு வந்து நம்மை மேலும் வருத்தியது. அன்று கேட்டபோது, "கடைசிப் பாடல்களில் குரல்கள் இளமையாக, ஒளியோடு இருக்கின்றனவே" என்று வயலின் வாசித்தவர் வியந்தார். நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். பாடப் பாடக் குரல் திறந்துகொண்டது என்று காரணமும் கூறிக்கொண்டோம். குரலை இளமையாக்கியதும் தாளத்தை விரைவாக்கியதும் ஒரே தளர்ந்த செல்தான். அதனால் விளைந்த இனிமையை நம் கணக்கில் வரவு வைத்தோம். விளைந்த குறையை அவர் கணக்கில் பற்று எழுதினோம்.

ஆர்மோனியத்தைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. அது நம் நாட்டு இசைக்கு ஒவ்வாதது, அதன் சுரங்கள் வளையா, கமகம் வாரா என்று குற்றம் சாட்டி, 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிவைத்தது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. அக்குற்றச்சாட்டை நாமும் மறுப்பதில்லை. அது வளையாத கருவிதான். ஆனால் அந்த வளையாமைதான் நாற்பது ஆண்டுகள் கழித்து வாய்திறந்து சாட்சி சொன்னது. வளைந்து கொடுக்கும் வயலினும் குரலும் மட்டும் அந்த நாடாவில் இருந்திருந்தால், உண்மை நம்மோடு புதைந்திருக்கும். நம் வாத்தியமே நமக்கு எதிராக நின்றது. அதற்கு நன்றி சொல்லவேண்டியவர்களாக இருக்கிறோம்.

"சுருதி மாதா, லயம் பிதா" என்பார்கள். நாம் அன்று லயத்தை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றினோமே, சுருதியை ஏன் கேட்கவில்லை? பயிற்சி பெற்ற செவிகள் ஏழு இருந்தும் ஒன்றுகூட அதை உணரவில்லையே, ஏன்? மெல்ல மெல்ல ஏறும் சுருதியோடு செவியும் இசைந்து ஏறிவிடும் என்று சமாதானம் கூறலாம். அது உண்மையும்கூட. ஆனால் முழு உண்மை அதுவன்று. கற்காத கை தவறியிருக்கும் என்று கேட்பதற்கு முன்பே நம் மனம் தீர்த்திருந்தது. அந்தக் கை எந்த வீட்டுக் கை என்பதும் அந்தத் தீர்ப்பில் கலந்திருந்தது. நம் மாவட்டத்து வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியின் பெயரால் இறைமக்களைப் பிரித்துவைத்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அந்த வரலாற்றை நாம் மறைக்கல்வி வகுப்பில் மாணவர்க்குப் பெருமையோடு எடுத்துரைத்தது உண்டு. செங்கல் சுவர் வீழ்ந்து எழுபத்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னும், நம் செவிக்குள் ஒரு சுவர் நின்றிருக்கிறது.

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனிடம் போய் நல்லுறவு கொள் என்றார் ஆண்டவர். நாம் போனபோது அந்தச் சகோதரர் இல்லை. இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய மனைவியார் திண்ணையில் அமர்ந்திருந்தார். பேரனின் கைப்பேசியில், வேகம் திருத்திய கடைசிப் பாடலை ஒலிக்கச் செய்தோம். டோலக்கின் ஒலி பாடல் முழுதும் ஓர் அடிகூடப் பிசகாமல், நிதானமாக, ஆற்றில் படகு தள்ளுபவன் கோல் ஊன்றுவதுபோல் விழுந்துகொண்டிருந்தது. அம்மையார் பாட்டைக் கேட்கவில்லை. அந்தக் கையை மட்டுமே கேட்டார் என்று தோன்றியது.

நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். "வீட்டுக்கு வந்து அவரு ஒண்ணும் சொல்லல ஐயா. டோலக்குக்கு உறை போட்டு ஆணியில மாட்டிட்டாரு. அப்புறம் எடுக்கவே இல்ல" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லும் உரிமை தமக்கு இல்லை என்று கருதினாரோ என்னவோ. ஒப்புரவு அருள்சாதனத்தில் பாவம் மன்னிக்கப்படுகிறது என்று நம்புகிறோம். உறைக்குள் முடங்கிப்போன நாற்பது ஆண்டு இசையை எந்த அருள்சாதனமும் மீட்டுத் தராது என்பதை அந்தத் திண்ணையில்தான் கற்றோம்.

அவருடைய பெயரை இதழில் எழுதி, நம் தவற்றை ஊரறியச் சொல்ல விரும்புகிறோம் என்றோம். அம்மையார் தலையசைத்து மறுத்தார். "பேப்பர்ல எதுக்கு ஐயா? பெட்டி மேல எழுதுங்க, போதும்."

எந்தப் பெட்டி அம்மா என்று, 1984இல் கேட்டிருக்கவேண்டிய கேள்வியை இம்முறை கேட்டோம். அவர் ஒலிநாடாவைச் சுட்டிக் காட்டினார். வீடு திரும்பியதும் பேனாவை எடுத்து, அடித்த பெயருக்குக் கீழே அதே பெயரை மீண்டும் எழுதினோம். அடித்த கோட்டை அழிக்க முயலவில்லை. அதுவும் அந்தப் பதிவின் ஒரு பகுதியாக அங்கேயே இருக்கட்டும்.