கொச்சி, கல்கத்தா மட்டும்

ஹட்டன் தேயிலை வியாபாரி ஒருவருக்காக நுவரெலியா மாவட்ட நீதிமன்றத்தில் நான் ஆஜரானது சாதாரணக் கடன் வழக்கில்தான். தேயிலை கொடுத்தவர் பணம் கேட்டு வழக்குப் போட்டிருந்தார். என் கட்சிக்காரர் அந்தத் தூளைச் சென்னைக்கு ஏற்றியிருந்தார். 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் அமுலுக்கு வந்த இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தை நம்பித்தான் ஏற்றினார்.

வர்த்தகத் திணைக்களத்தின் மூலச் சான்றிதழ் கோப்பில் இருந்தது. முத்திரை, எடை, பி.ஓ.பி.எஃப். என்ற தரம், எதிலும் பிழை இல்லை. ஆனால் ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ தேயிலைக்கு இந்தியா கொடுத்த வரிச்சலுகை, அன்று கொச்சியிலும் கல்கத்தாவிலும் இறங்கும் சரக்குக்கு மட்டும்தான். சென்னையில் முழு வரி கேட்டார்கள். வாங்க இருந்தவர் கைவிரித்துவிட்டார்.

"சேர், ஒப்பந்தம் அமுலுக்கு வந்துருச்சுன்னு பேப்பர்ல போட்டாங்களே, அது எனக்கு இல்லையா?" என்று என் கட்சிக்காரர் கேட்டார்.

இல்லை என்பதுதான் சட்டம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, சரக்கை வாங்கியவர் விலை கொடுத்தாக வேண்டும். அயல்நாட்டுச் சுங்கம் அதற்குச் சாக்காகாது. ஒப்பந்தத்தைக் காட்டி நான் வாதிட்டதும் எடுபடவில்லை. அரசுகள் போடும் உடன்படிக்கை, உள்நாட்டுச் சட்டமாக்கப்படாதவரை தனிமனிதனுக்கு உரிமை தராது. 2006இல், ஐ.நா. மனித உரிமை உடன்படிக்கை பற்றிய சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றமும் இதையே சொன்னது. ஒப்பந்தம் பற்றி அரசுகளுக்குள் பிணக்கு என்றால் இரு நாட்டு அமைச்சர்களின் கூட்டுக்குழு பேசித் தீர்க்கும். ஹட்டன் வியாபாரி அந்த அறைக்குள் எப்படி நுழைவார்?

இலங்கைத் தேயிலை வந்து குவியும் என்ற இந்தியாவின் பயத்தை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. அப்போது நீலகிரியில் பச்சைக் கொழுந்தின் விலை விழுந்து கிடந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இங்கிருந்து போன நம் சனங்கள் அங்கே தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறார்கள். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சிலோன் டீயின் பெயர் கெட்டுவிடும் என்று வெளித் தேயிலையை இங்கே எளிதில் விடமாட்டோம். தலைநகரில் திறந்த கதவை இரு பக்கத்து உற்பத்தியாளரும் துறைமுகத்தில் அடைக்கச் சொல்கிறார்கள். அரசும் ஒரு சுற்றறிக்கையில் அதைச் செய்துவிடுகிறது. 2016இல் இந்தியாவுடன் எட்கா என்ற பொருளாதார, தொழில்நுட்பக் கூட்டுறவு ஒப்பந்தத்துக்குப் பேச்சுத் தொடங்கியபோதும் எதிர்ப்பு வலுத்தது. பாதிக்கப்படும் வியாபாரி நேரே முறையிட ஒரு இடமும், பதில் சொல்லக் காலக்கெடுவும் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடக்கூடாது என்பேன்.

தவணைகளில் பணம் கட்டுவதாக வழக்கைச் சமரசமாக்கினோம். துறைமுகக் கட்டுப்பாட்டைப் பிற்பாடு தளர்த்தினார்கள். அதற்குள் என் கட்சிக்காரர் ஏற்றுமதியை விட்டுவிட்டு, ஹட்டனில் சில்லறைக்குத் தூள் விற்கத் தொடங்கியிருந்தார்.