திரிங்காப்: தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு சாலையோர ஊர்

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், தித்திவங்சா மலைத்தொடரின்மேல் அமைந்த கேமரன் மலை மாவட்டத்தின் வடபகுதியில், பிரிஞ்சாங்குக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடைப்பட்ட சிற்றூர் திரிங்காப். மாவட்டத்தின் மிக உயரமான குடியிருப்பாகச் சொல்லப்படும் கீ ஃபார்மைத் தாண்டி 59ஆம் எண் கூட்டரசுச் சாலை வடக்கே இறங்கும்போது, சரிவுகளை மூடிய நெகிழிக் கூரைகளும், அவற்றின்கீழ் முட்டைக்கோசும் தக்காளியும் கீரையும் விளையும் பாத்திகளும், காய்கறி மூட்டைகளுக்குக் காத்திருக்கும் லாரிகளும் கண்ணில் படத் தொடங்கினால் ஊர் வந்துவிட்டது எனலாம். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு உணவு சென்றுசேர்வதைத் தடுக்க ஆங்கில அரசு காட்டோரச் சீனக் குடியிருப்பாளர்களை ஓரிடத்தில் திரட்டி அமைத்த ‘புதுக்கிராமங்கள்’ என்னும் குடியேற்றங்களுள் இதுவும் ஒன்று. தெற்கே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டமும் வடக்கே புளூ வேலித் தோட்டமும் இருக்க, சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் நிற்காமல் கடக்கும் இவ்வூரை, நெடுநடைக்காகக் கடல் கடந்து வரும் தம்பதியர் தங்குமிடமாகக் கொள்வதில் நியாயம் உண்டு. இம்மலையின் மூன்று நிலங்களாகிய தேயிலை, காய்கறி, காடு ஆகியவை இங்கிருந்து கிட்டத்தட்ட ஒரே தொலைவில் உள்ளன.

இந்நடையை இங்கிலாந்தின் முறையில் கற்பனை செய்துகொண்டு வருவோர் ஏமாற நேரும். அங்கே பிறர் வயலின் ஊடாகவும் எவரும் நடந்து செல்லலாம் என்னும் பொது நடைவழி உரிமை நெடுங்கால வழக்கில் வேரூன்றி, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் வரைபடத்தில் பதிவுபெற்றது; 1965இல் திறக்கப்பட்ட பென்னைன் நெடுவழி அதன் விளைவாகும். கேமரன் மலையிலோ எண்ணிட்ட காட்டுப் பாதைகள் பெரும்பாலும் தானா ராத்தா, பிரிஞ்சாங் நகர்களைச் சுற்றியே உள்ளன. தோட்டச் சாலைகள் நிறுவனங்களின் உடைமை. இராவ் போன்ற சிகரங்களுக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆகவே இங்கு நெடுநடை என்பது தோட்டச் சாலை, காய்கறி வண்டித்தடம், காட்டுப்பாதை ஆகியவற்றை அங்கங்கே கேட்டுக் கேட்டு ஒட்டவைப்பதாகும்.

இவ்வழிகள் உலாவுவோருக்காக வெட்டப்பட்டவை அல்ல. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் குறித்துச் சென்ற இம்மேட்டு நிலத்தை, 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் பார்வையிட்ட பிறகே அரசு மலைவாழிடமாக்க முனைந்தது. தாப்பாவிலிருந்து வரும் சாலை 1931 அளவில்தான் தானா ராத்தாவை எட்டியது. இடையில் 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். காடழித்துச் சரிவைத் திருத்தும் பணி கோவேறு கழுதைகளையும் ஒரே ஒரு நீராவி உருளையையும் தவிர மனிதக் கையையே நம்பியிருந்தது. அக்கைகளுள் தமிழர் கைகள் பல. மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தபின் ஆள்சேர்ப்பு கங்காணிகளின் வழியே நடந்தது. கங்காணி என்பவர் தம் சொந்த ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் திரட்டி வரும் மேற்பார்வையாளர். தனியாளைவிடக் குடும்பமே ஓரிடத்தில் நிலைக்கும் என்பதால் கணவன் மனைவியாகச் சேர்ப்பது தோட்டத்துக்கு இலாபமாக இருந்தது. பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலியே நிர்ணயிக்கப்பட்டிருந்ததையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். நாகப்பட்டினத்தில் ரஜூலா போன்ற கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, லயம் எனப்படும் வரிசை வீட்டில் ஓர் அறைக்கு வந்துசேர்ந்த அத்தகைய தம்பதியருக்கு நடை என்பது அன்றாட வேலையின் பகுதி. உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசு தடைசெய்ததால், தேயிலை தொடங்கிய பத்தாண்டுக்குள் அவ்வழி அடைபட்டது. இன்று கொழுந்து வெட்டுவோரில் நேபாளம், வங்காளதேசம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரே மிகுதி. அந்நாளைய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தோட்டத்தைவிட்டு நகரங்களுக்குச் சென்றுவிட்டனர்.

இப்போதைய பயணம் எளிது. 2023 டிசம்பர் முதல் இந்தியக் குடிமக்கள் விசா இன்றி 30 நாள்வரை தங்கலாம். கோலாலம்பூரிலிருந்து தானா ராத்தாவுக்குப் பேருந்தும் அங்கிருந்து வாடகை வண்டியும் கிடைக்கும். அக்டோபர், நவம்பர் மழையில் மண்சரிவு அச்சம் இருப்பதால் அம்மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. கால் பழகுவதற்குச் சுங்கை பாலாஸ் தோட்டத்தின் ஊடாக 2,000 மீட்டரைத் தாண்டும் பிரிஞ்சாங் மலையுச்சிவரை ஏறும் தார்ச்சாலை போதும். செடிவரிசைகள் முடிந்து பாசி போர்த்திய குறுமரக் காடு தொடங்கும் இடத்தை நடந்து காண்பதற்கு, வண்டியில் விரைந்து மேலேறுவது ஈடாகாது. மறுபக்கத்துச் சரிவுகளில் காய்கறிக்காகக் காடு வெட்டப்பட்ட இடங்களில், தெலோம் ஆறு செம்மண் கரைந்து ஓடுவதையும் பார்க்க நேரும். ஆற்றோரத்துச் செமாய்ப் பூர்வகுடியினருக்கு அது குடிநீர்ச் சிக்கலுமாகும்.

உண்மையான நெடுநடை வடக்கே, புளூ வேலிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. அங்கிருந்து 2,181 மீட்டர் உயரமுள்ள யோங் பெலார் ஏறி, முகட்டுக் காட்டின் வழியே கயோங்கையும், தீபகற்பத்தின் இரண்டாம் உயரமான 2,183 மீட்டர்க் கோர்புவையும் தொட்டு, ஈப்போவுக்கு அருகிலுள்ள உலு கிந்தாப் பக்கம் இறங்கும் வழி அனுமதியும் வழிகாட்டியும் இன்றிச் செல்லக்கூடியதன்று. இடையில் கடையோ குடியிருப்போ இல்லாமையால், பல நாள் உணவை அரிசி முதல் உப்புவரை திரிங்காப்பிலேயே வாங்கிச் சுமக்க வேண்டும்.