வண்டியின் சூட்டை யார் சொல்வது?

பழைய இரண்டு ஸ்ட்ரோக் பைக்குகளில் வேகம் காட்ட மீட்டர் உண்டு, ஓடிய கிலோமீட்டர் காட்ட எண்கள் உண்டு. இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று காட்ட ஒன்றும் கிடையாது. ஓட்டுகிறவர் உணர்ந்துகொள்ள வேண்டியதுதான். முட்டியில் அடிக்கும் அனல், சத்தத்தில் வரும் மாற்றம், ஆக்சிலரேட்டரை முறுக்கியும் இழுக்காத தன்மை ஆகியவைதான் அடையாளங்கள். இந்தப் பாடம் மெக்கானிக் கடை பெஞ்சில் நடக்கிறது. பத்து வயதுப் பையன் அங்கே மணிக்கணக்கில் நின்று வேடிக்கை பார்க்கலாம். அதே வயதுப் பெண் பிள்ளை நின்றால், “இங்க என்ன வேலை, வீட்டுக்குப் போ” என்பார்கள்.

என்னுடையது யமஹா ஆர்எக்ஸ் 100. இந்தியாவில் 1985 முதல் 1996 வரை தயாரான வண்டி, 98 சிசி. அப்பா ஓட்டியது, அவருக்குப் பிறகு என்னிடம் வந்தது. அதில்தான் கொல்லிமலையில் இருக்கும் பள்ளிக்கு வேலைக்குப் போகிறேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பெண் ஒருத்தி ஆர்எக்ஸில் போவதை ஊர் திரும்பிப் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. வண்டியைப் பற்றி நான் சொல்வதை யாரும் நம்பாததுதான் பழகவில்லை.

ஒரு கோடையில், பாதி மலை ஏறியதும் வண்டி சோர்வதையும் அனல் கூடுவதையும் கவனித்தேன். கடையில் சொன்னேன். “நீங்க பயந்து பயந்து ஏறுறீங்க டீச்சர், அதான். வீட்டுக்காரர ஒருக்கா ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க” என்றார் மெக்கானிக் அண்ணன். என் கணவருக்குக் கியர் வண்டி ஓட்ட வராது. அதைச் சொன்னால் சிரிப்பு அவர் பக்கம் திரும்பும் என்பதால் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் மூன்று முறை இதே பதில்தான்.

இது கௌரவப் பிரச்சினை மட்டுமல்ல. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் எரிப்பு நடக்கிறது. நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். சூட்டை வாங்கிக்கொள்ள அடியில் ஆயில் தொட்டியும் இல்லை. ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடுகிறது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் படும் காற்றுதான் குளிர்ச்சி. மலை ஏறும்போது இன்ஜினுக்குச் சுமை அதிகம், வேகம் குறைவு, காற்றும் குறைவு. சூடு எல்லை மீறினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் சட்டென்று நின்றுபோகும். வளைவில், பின்னால் பேருந்து வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

எனவே ஒரு வெப்பமானி வாங்கினேன். அதில் இரண்டே பாகங்கள்: வாஷர் போன்ற ஒரு வளையம், கைப்பிடியில் பொருத்தும் சின்னத் திரை. இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்துச் சூடாக்கினால் மிகச் சிறிய மின்னழுத்தம் உண்டாகும். 1821இல் சீபெக் கவனித்த விஷயம் இது. அந்த முனைதான் வளையத்துக்குள் இருக்கிறது.

மாட்டுவது கடினமில்லை. இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு, பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். பிளக்கைக் கழற்றி, அதிலுள்ள பழைய வாஷரை எடுத்துவிட்டு அதே இடத்தில் 14 எம்.எம். வளையத்தைப் போட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பிளக் உள்ளே இறங்கும் ஆழம் குறைந்துவிடும். ஹெட் அலுமினியம் என்பதால், மரை ஏறும்வரை கையாலேயே திருகி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் வைத்தேன். கம்பி நீளமாக இருக்கிறதே என்று வெட்டக் கூடாது. வெட்டிச் சாதாரணச் செம்புக் கம்பியால் ஒட்டுப் போட்டால் அளவு பிசகும். மிச்சத்தைச் சுருட்டி, பிளக் வயரிலிருந்து தள்ளிக் கட்டினேன். முக்கால் மணி நேர வேலை.

திரையில் எண் வந்துவிட்டது. ஆனால் 150 என்றால் அதிகமா, குறைவா? உணரி இருக்கும் இடத்தைப் பொறுத்தும் வண்டியைப் பொறுத்தும் அளவு மாறும். அடுத்தவர் வண்டியின் எண்ணை என் வண்டிக்கு வைக்க முடியாது. என் வண்டியின் இயல்பை நானேதான் எழுதி வைக்க வேண்டும்.

இயல்பு என்ற சொல்லை நாம் எளிதாக ஏற்றுக்கொள்கிறோம். அலுவலக அறைகளின் வெப்பநிலையைத் தீர்மானிக்கும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடல் உண்டாக்கும் வெப்பம்தான் அதற்கு அடிப்படை என்று 2015இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வந்த ஆய்வு சுட்டிக்காட்டியது. அந்தக் குளிரில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்காரும் பெண்ணைப் பார்த்து, “உனக்கு மட்டும் ஏன் குளிருது?” என்கிறார்கள். அளவுகோல் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். தேதி, வெயில், வளைவு எண், கியர், வெப்பம். சமதளத்தில் 130 முதல் 140 வரை இருந்தது. அறுபதாவது வளைவில் முதலில் 165. மூன்று வாரம் கழித்து, அதே கியரில், அதே வேகத்தில் 190. நோட்டைக் கடைக்கு எடுத்துப் போனேன். மெக்கானிக் அண்ணன் இரண்டு பக்கம் புரட்டினார். பேசாமல் கார்ப் கிளீனரை எடுத்து, கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரைச் சுற்றி அடித்தார். ஐடிலிங் சட்டென்று மாறியது. வயதான ரப்பரில் வெடிப்பு. அது வழியே கூடுதல் காற்று போய், கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடு ஏறியிருக்கிறது. புது ரப்பர் போட்டதும் அறுபதாவது வளைவில் மீண்டும் 165.

எனக்குச் சந்தோஷம்தான். உறுத்தலும் உண்டு. மூன்று மாதமாக நான் வாயால் சொன்னதைத்தான் நோட்டும் சொன்னது. எண்ணுக்குக் கிடைத்த நம்பிக்கை எனக்குக் கிடைக்கவில்லை. “சொன்னேனேண்ணா” என்றேன். “இப்படி எழுதிக் குடுத்தா தெரியுது டீச்சர்” என்றார். எழுதிக் கொடுக்காமலே நம்பப்படுகிறவர்கள் அந்தப் பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

மீட்டர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மலை இறங்கும்போது ஆக்சிலரேட்டரை மூடிவிடுகிறோம். ஆர்எக்ஸில் ஆயில் பம்ப் அதனோடு இணைந்தது, அதனால் ஆயில் வரத்தும் குறையும், இன்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றும். திரையில் எண் இறங்கிக்கொண்டே இருக்கும், ஆபத்து இருந்துகொண்டே இருக்கும். இடையிடையே லேசாக முறுக்கி ஆயில் கொடுக்க வேண்டும். அதற்குக் காதும் கையும்தான். மீட்டர் வந்த பிறகு நான் அவற்றை முன்பைவிட அதிகம் நம்புகிறேன். அவை சரியாகத்தான் சொல்லிவந்தன என்று நோட்டில் இருக்கிறதே.

போன மாதம் எங்கள் பள்ளியின் இளைய ஆசிரியை தன் பழைய இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டுக்கும் ஒன்று வேண்டும் என்றாள். பிளக் மரையின் அளவு பார்த்து வளையம் வாங்கி, பள்ளி முடிந்து வேப்பமரத்தடியில் மாட்டினோம். ஸ்பேனரை அவளிடமே கொடுத்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். யாரையும் போகச் சொல்லவில்லை. “எவ்வளவு வந்தா பயப்படணும்க்கா?” என்று கேட்டாள். “முதல் ஒரு வாரம் ஒண்ணும் முடிவு பண்ணாத. உன் வண்டிக்கு எது வழக்கம்னு எழுதி மட்டும் வை” என்றேன்.