‘தவிச்ச வாய்க்குத் தண்ணி’ - ஐ.சி.யூ-வில் அம்மா கொடுத்த அரை டம்ளர் இளநீர்!

ஆறு நாள்கள் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை, ‘தண்ணி’.

குரல் கம்மிப்போய், வெறும் காற்றாக வந்தது அந்தச் சொல். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி அவர். நைட் ஷிஃப்ட் முடிந்து, ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் வாடகை வீட்டுக்கு பைக்கில் திரும்பும்போது விபத்து. 108 ஆம்புலன்ஸ், ஐ.சி.யூ, வாய் வழியாகக் குழாய், வென்டிலேட்டர் என்று ஆறு நாள்கள் ஓடின. ஏழாம் நாள் காலையில் குழாயை எடுத்தார்கள். ‘பொழைச்சுட்டான்’ என்று வெளியே காத்திருந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

“இப்போதைக்கு வாய் வழியா எதுவும் கொடுக்கக் கூடாதும்மா” என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். ஏன் கூடாது என்று கேட்க மனைவிக்குத் தோன்றவில்லை.

அம்மாவால் தாங்க முடியவில்லை. “தவிச்ச வாய்க்குத் தண்ணி தராம இருக்கறது பாவம்டி” என்றவர், பார்வையாளர் நேரத்தில் புடவைக்குள் மறைத்து எடுத்துப்போன இளநீரை அரை டம்ளர் புகட்டினார். அவரும் குடித்தார். இருமவில்லை. புரையேறவில்லை. “பாத்தியா, ஒண்ணும் ஆகல” என்று மருமகளிடம் சொன்னபோது அம்மாவின் முகத்தில் அத்தனை நிம்மதி.

மறுநாள் இரவு காய்ச்சல். மூச்சு வாங்கியது. நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் தொற்று. மீண்டும் ஆக்சிஜன் மாஸ்க்.

மருத்துவர் கேட்டபோதுதான் மனைவி இளநீர் விஷயத்தைச் சொன்னார். அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் வந்தார். “அவர்தான் பேசறாரே, இவங்க எதுக்கு?” என்று மனைவிக்குக் குழப்பம். பேச்சும் விழுங்குவதும் ஒரே தொண்டையில் நடப்பதால், விழுங்கும் பயிற்சியும் அவர்களின் வேலைதான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு வாய் தண்ணீரை விழுங்க ஏறக்குறைய 30 ஜோடி தசைகள் சேர்ந்து இயங்குகின்றன. விழுங்கும் அந்த நொடியில் குரல்நாண்கள் மூடிக்கொள்ளும், மூச்சு நிற்கும், தண்ணீர் உணவுக்குழாய்க்குள் இறங்கும். வென்டிலேட்டர் குழாய் செல்வதோ அந்தக் குரல்நாண்களுக்கு நடுவே! நாள்கணக்கில் அது அங்கேயே இருப்பதால் குரல்வளை வீங்கலாம், புண்ணாகலாம். பயன்படாத தசைகள் தளர்ந்துவிடும். தொண்டையின் உணர்ச்சியும் மந்தமாகும். குழாய் 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தாலே, எடுத்த பிறகு விழுங்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

இது அபூர்வமான சிக்கலும் அல்ல. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், குழாய் எடுக்கப்பட்ட நோயாளிகளில் சுமார் 12 சதவிகிதம் பேருக்கு இந்தச் சிக்கல் இருந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான கட்டுரை, இதை 41 சதவிகிதம் என்கிறது. யாரை, எப்படிப் பரிசோதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது.

புரையேறினால் ‘யாரோ நினைக்கிறாங்க’ என்போம். உண்மையில் அந்த இருமல்தான் நுரையீரலின் காவல்காரன். உணர்ச்சி மந்தமான தொண்டையில் அந்தக் காவல்காரனும் தூங்கிவிடுகிறான். தண்ணீர் சத்தமே இல்லாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். “அவர் இருமாததைப் பார்த்து நீங்க சந்தோஷப்பட்டீங்க. பயப்பட வேண்டியதே அதுக்குத்தான்” என்றார் தெரபிஸ்ட். அதனால்தான் சிலருக்கு மூக்கு வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்தி, விழுங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிறார்கள்.

கஞ்சியைவிடத் தண்ணீர்தான் ஆபத்து என்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய ஆச்சர்யம். தண்ணீர் வேகமாக ஓடும். தளர்ந்த தொண்டை மூடிக்கொள்வதற்குள் உள்ளே போய்விடும். கெட்டியான கூழ் மெதுவாக இறங்கும். ரசம் சாதமும் சிரமம்தான். வாயில் நீர் தனியாக, பருக்கை தனியாகப் பிரிந்துவிடும். எது, எவ்வளவு கெட்டியாக, எப்போது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பரிசோதித்தவர்தான் சொல்ல வேண்டும்.

அதுவரை அவருக்கு மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. தினமும் வாயைச் சுத்தம் செய்தார்கள். வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கினாலும் தொற்று வரும். நாக்குக்கும் தொண்டைக்கும் பயிற்சிகள் தொடர்ந்தன. “தவிச்சா, ஈரப் பஞ்சால உதட்டைத் துடைச்சு விடுங்க பாட்டி” என்று சொல்லிக்கொடுத்தார் தெரபிஸ்ட். அந்த வேலையை அம்மா வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பத்தாம் நாள் அனுமதி கிடைத்தது. படுக்கையை நிமிர்த்தி, அவரை நேராக உட்காரவைத்தார்கள். டீஸ்பூனில் பாதி அளவுக்குக் கெட்டியான கேழ்வரகுக் கூழ். ஸ்பூனை மனைவி அத்தையிடம் நீட்டினார்.

“நான் வேண்டாம்மா... என் கை ஆகாது.”

“உங்க கையாலதான் அத்தை.”

நடுங்கும் கையால் அம்மா ஊட்டினார். அவர் மோவாயைக் கீழே தாழ்த்தி விழுங்கினார். எல்லோரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“முழுங்கிட்டியாப்பா?”

அவர் வாயைத் திறந்து காட்டினார். அம்மா உடனே அடுத்த ஸ்பூனை எடுக்கவில்லை. தெரபிஸ்ட்டைத் திரும்பிப் பார்த்தார்.