சிவப்பு மூடி

டிசம்பர் 2

லண்டனில் நான் இருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். அடுத்த அறை ஜனவரியில்தான். அதுவரை எடின்பரோ, மார்ச்மாண்ட், இரண்டாவது மாடி, ஹேமிஷ் என்கிற பதிமூன்று வயதுப் பூனை. வீட்டுக்காரம்மா ஊரில் இல்லாதபோது வீட்டையும் பூனையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகை கிடையாது, சம்பளமும் கிடையாது. இப்படி வீடு பார்த்துக்கொள்ள ஆள் சேர்க்கும் இணையதளத்தின் வருடச் சந்தாவும் ரயில் டிக்கெட்டும்தான் என் செலவு. ஓசியில் ஸ்காட்லாந்து என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டேன்.

டிசம்பர் 3

ஓசியாவது! ஹேமிஷுக்குச் சர்க்கரை வியாதி. தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன். ஆனால் காலை ஏழுக்கு ஓர் ஊசி, மாலை ஏழுக்கு ஓர் ஊசி என்றால் என்னவென்று இன்றுதான் உறைத்தது. இன்வர்னெஸ் போக ரயிலில் மூன்றரை மணி நேரம், வர மூன்றரை. எட்டரைக்கு விடிந்து நாலுக்குள் இருட்டிவிடுகிற மாதத்தில் எதைப் பார்ப்பது?

இந்த இன்சுலின் குப்பியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கி 2 யூனிட். அவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்குத்தான் கை நடுங்கியது.

ஊசியின் மூடி சிவப்பு. இந்த ஊரில் மனிதர்களுக்குப் பெரும்பாலும் மில்லிக்கு 100 யூனிட் மருந்து. 40 யூனிட் பிராணிகளுக்குத்தான். பாளையங்கோட்டையில் அம்மாவின் ஃபிரிட்ஜ் கதவில் இருப்பதும் 40, அதே சிவப்பு மூடி. அம்மா தொடையில் குத்திக்கொள்ளும்போது நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். ஊசி எனக்கு ஆகாது.

டிசம்பர் 4

மழை.

டிசம்பர் 8

கிரேஃபிரையர்ஸ் பாபியின் சிலையைப் பார்த்தேன். எசமான் கல்லறையைப் பதினான்கு வருடம் காத்ததாகச் சொல்லப்படும் நாய், 1872-இல் செத்தது. ஆளாளுக்குத் தடவி மூக்கு மட்டும் பளபளக்கிறது. கோட்டையில் ஒரு மணிப் பீரங்கி வெடித்ததும் பாபி பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு ஓடிவிடுமாம். எனக்குப் பிடித்தது இந்தப் பகுதிதான். காவலுக்கும் வயிறு உண்டே.

பீரங்கி இன்னும் வெடிக்கிறது, ஞாயிறு தவிர. சத்தம் கேட்டால் ஹேமிஷ் சோபாவுக்கு அடியில்.

டிசம்பர் 11

மாலை ஏழுக்கு ஹேமிஷ் சாப்பிடவில்லை. டூனா வைத்தேன், கோழி வைத்தேன், விரலில் தொட்டு நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீட்டுக்காரம்மா விமானத்தில். மருத்துவமனை எண்ணில் காத்திருக்கச் சொல்லிப் பாட்டு போட்டார்கள். ஏழரைக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே இரவு ஒரு மணி. இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தாள்.

“என்னட்டி இந்நேரத்துல?”

சொன்னேன்.

“சாப்பிடலன்னா ஊசியப் போட்றாத. நான் ஒருநா அப்படித்தான் போட்டுட்டு...” நிறுத்திக்கொண்டாள். “நீ சாப்பிட்டியா?”

மருத்துவமனையிலும் அதையேதான் சொன்னார்கள், பதினைந்து நிமிடம் கழித்து.

டிசம்பர் 12

காலையில் தட்டை நக்கி வைத்திருந்தான். ராஸ்கல்.

டிசம்பர் 16

அந்தத் தளத்தில் புது அழைப்பு: பாத் நகரில் ஒரு வீடு, இரண்டு நாய்கள், பிப்ரவரி முழுக்க. ‘ஊசி போடத் தெரிந்தவர்’ என்று அதில் என் பக்கத்தில் இப்போது ஒரு பாராட்டுக் குறிப்பு இருக்கிறது. இன்னும் பதில் போடவில்லை.

பீரங்கி வெடித்தது. அங்கே ஆறரை, அம்மா விளக்கேற்றும் நேரம். கூப்பிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருக்கிறது.